கடலோர மண்டபத்தில் மாநாடு நடத்தப் போகிறவர்களுக்கு

பினாங்குத் தமிழ் இயக்கங்களின் தலைவர்களே, செயலாளர்களே, குறிப்பாகப் பொருளாளர்களே,

வணக்கம்.

அடுத்த பெரிய மாநாட்டைக் கடலோர மண்டபத்தில்தான் நடத்த வேண்டும் என்று உங்கள் கூட்டங்களில் பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். குளுகோரில், பினாங்குப் பாலத்துக்கு வடக்கே, கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் நிற்கும் பினாங்கு வாட்டர்ஃபிரண்ட் கன்வென்ஷன் சென்டரைத்தான் மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பகுதிக்கே லைட் என்றுதான் பெயர். விளக்கு என்று எடுத்துக்கொண்டாலும் சரி, 1786-இல் இந்தத் தீவில் கொடி நட்ட பிரான்சிஸ் லைட் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, அழைப்பிதழில் அச்சிட நன்றாகத்தான் இருக்கும். பாயான் பாருவில் 2017-இல் ஸ்பைஸ் மண்டபம் திறந்தபோதும் இதே ஆசை எழுந்தது. அது பாதி நிலத்துக்குள் இறங்கி, கூரைமேல் பூங்காவை வைத்துக்கொண்டு நிற்கிற மண்டபம். இதுவோ கடலைப் பார்க்கிறது. மேடையை விட்டு வெளியே வந்து நின்றால் படத்தில் பாலம் விழும். யாருக்குத்தான் ஆசை வராது?

நான் எதிர்ப்புச் சொல்ல எழுதவில்லை. தாராளமாக எடுங்கள். எடுப்பதற்கு முன் மண்டப வேலைக்காரன் ஒருவனின் பேச்சை ஐந்து நிமிடம் கேளுங்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

நீங்கள் முன்வாசல் வழியாகப் போகிற கட்டடங்களுக்குள் முப்பது ஆண்டுகளாகப் பின்வாசல் வழியாகப் போய்வந்தவன் நான். கண்காட்சி அரங்கு அமைப்பது என் தொழில். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். அலுமினியக் கம்பம், வெள்ளைப் பலகை, நெற்றியில் பெயர்ப்பட்டை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு விளக்கு, ஒரு மின்செருகி. பழகிய கைகள் நான்கு இருந்தால் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். கோலாலம்பூரில் கோம்பாக் ஆற்றங்கரையில் 1985 முதல் நிற்கும் புத்ரா உலக வாணிப மையத்திலும், இரட்டைக் கோபுரத்தின் காலடியில் 2005-இல் திறந்த மாநாட்டு மையத்திலும் பல நூறு முறை நிறுத்தியிருக்கிறேன், பிரித்திருக்கிறேன். மரச்சாமான் விற்பவர், மருந்துக் கருவி விற்பவர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் விற்பவர் என்று எல்லாருக்கும் அமைத்திருக்கிறேன். நம்மவர் மாநாடுகளுக்கும் அமைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இந்த மடலே பிறக்கிறது.

இத்தகைய கட்டடங்களின் பொதுப்பெயரைப் பாருங்கள்: மாநாட்டு, கண்காட்சி மையம். இரண்டு வேலைகள். நம்மவர்கள் வாடகை கொடுப்பது இரண்டுக்கும். பயன்படுத்துவது ஒன்றை மட்டும். ஆயிரம் நாற்காலி, ஒரு மேடை, மேடைமேல் ஒரு நீள சோபா வரிசை. அவ்வளவுதான். லாரி லாரியாகச் சுமையை உள்வாங்கக்கூடிய ஒரு கூடத்தைக் கல்யாண மண்டபமாகச் சுருக்கிவிடுகிறோம்.

முதல் நாள் காலை எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஒன்பது மணி நிகழ்ச்சி. அமைச்சர் வருகை பத்தே முக்கால். அதுவரை பரதநாட்டியம் நீளும். பிறகு தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, டத்தோ பட்டம் பெற்றவர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை. மாநாட்டு மலரைப் புரட்டினால் முதல் நாற்பது பக்கமும் வாழ்த்துச் செய்தியும் புகைப்படமும். கட்டுரை படிக்க தஞ்சாவூரிலிருந்து வந்தவருக்குப் பத்து நிமிடம், அதிலும் எட்டாவது நிமிடத்தில் மணி அடித்துவிடுவார்கள். இரவு விருந்து, மேசைக்கு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்), இரண்டாயிரம் வெள்ளி. நான் கேலி செய்யவில்லை. அந்த மேசைப் பணத்தில்தான் மாநாடே நடக்கிறது என்பது பொருளாளர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என் கூலியும் அதிலிருந்துதான் வந்தது.

ஆனால் கண்காட்சி எங்கே இருக்கும்? நடைபாதையில். கழிவறைக்குப் போகும் வழியில் இரண்டு மேசை. மேலே வெள்ளைத் துணி. 'அரிய பொருள் கண்காட்சி' என்று ஒரு பதாகை.

அப்படி ஒரு மேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்த மாநாடு, எந்த ஊர், எந்த மண்டபம் என்பதெல்லாம் வேண்டாம். நடத்தியவர்கள் நல்லவர்கள், பலர் இப்போது உயிரோடும் இல்லை. அன்று தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். கடல் கடந்து வந்த பெட்டி. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த சாமி படம் பாதி உரிந்திருந்தது. உள்ளே ஒரு பழைய பாஸ்போர்ட், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை ஒன்று, மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி, எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று. கணவர் தொங்கானில் மூட்டை இறக்கியவராம். கப்பல் நடுக்கடலில் நிற்க, சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்த அந்தத் தட்டைப் படகுகளைத்தான் சொல்கிறேன், இளையவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு போனால்தான் அன்றைய கூலி.

"கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பீர்களா, தம்பி?" என்று கேட்டார். கண்ணாடிப் பெட்டி இல்லை. வெள்ளைத் துணிமேல் வைத்தோம். அவர் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கழிவறைக்குப் போய்வருகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கொக்கியைக் கையில் கொடுத்துக் காட்டினார். உள்ளே மேடையில் கடல் கடந்த தமிழன் என்று ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். வெளியே ஒலிபெருக்கியில் அது கேட்டது.

மூன்று மணிக்கு உணவு ஏற்பாட்டாளர் வந்து மேசைகளைக் கேட்டார். இரவு விருந்துக்கு இரண்டு மேசை குறைகிறதாம். எடுத்துக் கொடுத்தவன் நான்தான். பொருட்களைப் பெட்டிக்குள் வாரிப் போட்டு அந்த அம்மாவிடம் நீட்டினேன். அவசரம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேரன் வரும்வரை வாசலில் இருந்தார். மறுநாள் கம்பளத்தைச் சுருட்டும்போது பித்தளை வில்லை அதனடியிலிருந்து உருண்டு வந்தது. முகவரி வாங்கி வைக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பிரமுகர்கள் பெயர்தான் இருந்தது.

இனி மாநாடுகளைப் பற்றி. உலகத் தமிழ் மாநாடு நம் மலேசியாவுக்கு நான்கு முறை வந்திருக்கிறது: 1966, 1987, 2015, 2023. நான்கும் கோலாலம்பூருக்கு. பினாங்குக்கு ஒரு முறைகூட இல்லை. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. முதல் மாநாட்டைத் தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூட்டினார். அங்கே படித்த கட்டுரைகள் தொகுதிகளாக அச்சேறின. இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் புரட்டுகிறார்கள். 1968-இல் சென்னையில் இரண்டாவது நடந்தபோது மெரினா கடற்கரையில் ஔவை, கண்ணகி, போப், கால்டுவெல் என்று வரிசையாகச் சிலைகள் நிறுத்தினார்கள். அவையும் இன்று அங்கே நிற்கின்றன. ஒரு மாநாட்டுக்குத் தாள் மிஞ்சியது, இன்னொன்றுக்குக் கல்லும் உலோகமும் மிஞ்சின. மேடைப் பேச்சு எந்த மாநாட்டுக்காவது மிஞ்சியதா? கடைசியாக நீங்கள் போய்வந்த மாநாட்டில் கேட்ட வாழ்த்துரை ஒன்றை எனக்குச் சொல்லிக் காட்டுங்கள், இந்த மடலை நானே கிழித்துப் போடுகிறேன்.

வெளியூர் எடுத்துக்காட்டு ஒன்று. வேலை நிமித்தமாக என் முதலாளி ஒருமுறை என்னை ஹாங்காங்குக்கு அனுப்பினார். வான்சாய் கடற்கரையில் அவர்களுடைய மாநாட்டு, கண்காட்சி மையம் இருக்கிறது. 1988-இல் திறந்தது, 1997-இல் துறைமுகக் கடலை நிரப்பி, அந்த நிலத்தின்மேல் புதிய பகுதியைக் கட்டிச் சேர்த்தார்கள். கூரை, சிறகு விரித்த கடற்பறவை போலிருக்கும். பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்த விழா அந்தப் புதிய பகுதியில்தான் நடந்தது. 1997 ஜூன் 30 நள்ளிரவு, உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. அதைவிடப் பெரிய மேடை நிகழ்ச்சி எந்த மண்டபத்துக்கும் வாய்க்காது. ஒரே இரவு, முடிந்துவிட்டது.

அங்கே நான் பார்த்தது வேறு. ஜூலை மாதம், புத்தக விழா. 1990 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. பத்து லட்சம் பேரைத் தொட்ட ஆண்டுகளும் உண்டு. காலையில் சரக்கு வாசலுக்குப் போகும் வழியில் பார்க்கிறேன்: வெயிலில் வரிசை, பாதிப் பேர் கையில் சக்கரம் வைத்த பெட்டி. விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் வழி தவறிவிட்டார்களோ என்று நினைத்தேன். புத்தகம் வாங்கி அடுக்க வெறும் பெட்டியோடு வந்திருக்கிறார்கள்! பிள்ளைகள் கூடத்துக்குள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து படிக்கிறார்கள். யாரும் யாருக்கும் மாலை போடவில்லை. அந்த ஊர்க்காரர் தம் கடலோர மண்டபத்தை எந்த நினைவோடு சொந்தம் கொண்டாடுவார் என்று நீங்களே யோசியுங்கள். கொடி இறங்கிய இரவா, பெட்டி உருட்டிக்கொண்டு போன ஜூலைகளா?

நம் நாட்டிலும் இதே கதைதான். ஆற்றங்கரை வாணிப மையத்தில் நடந்த அரசியல் மாநாடுகளை விட, பெரும்பாலான ஆண்டுகள் அங்கேயே நடந்த கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தக விழாதான் சாதாரணக் குடும்பங்களை அந்தக் கட்டடத்துக்குள் கூட்டிவந்தது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். கடலோர மண்டபத்தை எடுத்தால் கண்காட்சிக் கூடத்தை முதலில் எடுங்கள். மேடை பிறகு வரட்டும், சிறியதாக வரட்டும். பக்கத்து அறை ஒன்று போதும்.

'என்னத்தைக் காட்டுவது?' என்று கேட்பீர்கள். மாநாட்டுக் குழுக் கூட்டங்களில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. பினாங்கில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? ஒரு தெருவுக்குப் படகுக்காரத் தெரு என்று நம்மவர் பெயர் வைத்த ஊர் இது. 1801-இல் காதர் மொகிதீன் கட்டத் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோவிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இந்தத் தீவின் சாலைகளுக்கு மண் சுமந்தார்கள். இன்று உலகமே வரிசை பிடித்துத் தின்கிற நாசி கண்டார் எங்கிருந்து வந்தது? தோளில் கம்பு வைத்து, இரு பக்கமும் கூடை தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிக்குச் சோறும் குழம்பும் விற்ற தமிழ் முஸ்லிம் வியாபாரியிடமிருந்து. கண்டார் என்பதே அந்தக் காவடிக் கம்புதான். ஒரு கம்பு, இரண்டு கூடை, ஒரு பித்தளைச் சட்டி. ஒன்பது சதுர மீட்டருக்குள் அடங்கும்.

அக்கரையில் ரப்பர்த் தோட்டங்கள். பால்வெட்டும் கத்தி, பால் பிடிக்கும் மங்கு, பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள்கணக்கு எடுக்க, அடித்த தண்டவாளத் துண்டு, தோட்ட எழுத்தரான கிராணியின் கணக்குப் புத்தகம், மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றம் போகாத சாக்கு. இதெல்லாம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடிக்கு மாறியபோது பாதியைத் தூக்கிப் போட்டோம். மீதி, கட்டிலுக்கு அடியில். இன்னும் பத்து ஆண்டு போனால் அந்தக் கட்டிலும் இருக்காது.

யார் சேகரிப்பது என்பதற்கும் என்னிடம் விடை இருக்கிறது. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள். இந்த நாட்டில் தமிழ்க் கல்வி 1816 அக்டோபர் 21-ஆம் நாள் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடங்கியது என்று 2016-இல் இருநூறாம் ஆண்டு விழா எடுத்தோம், நினைவிருக்கிறதா? பள்ளிக்கு ஓர் அரங்கு. 28 அரங்கு, ஒவ்வொன்றும் ஒன்பது சதுர மீட்டர் என்றால் 252 சதுர மீட்டர். நடக்க வழி, உட்காரத் திண்ணை எல்லாம் சேர்த்து அறுநூறு சதுர மீட்டருக்குள் முடித்துவிடலாம். ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்துப் பொருள்களைத் தேடட்டும். நிபோங் திபால் பக்கத்துப் பள்ளி கரும்பையும் ரப்பரையும் தேடும். பட்டர்வொர்த் பள்ளி துறைமுகத்தையும் ரயிலையும் தேடும். தீவுப் பள்ளி வண்ணான் துறையைத் தேடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் பாட்டியிடம் போய் 'இது என்ன?' என்று கேட்டு, பாட்டி சொன்னதைத் தன் கையெழுத்தில் அட்டையில் எழுதி வைக்கட்டும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். பாட்டியும் அரங்கில் உட்காரட்டும், நல்ல நாற்காலியில்.

பொருளாளருக்காகச் சில வார்த்தை. இவை எங்கள் தொழில் இரகசியம், இலவசமாகத் தருகிறேன். மண்டபக்காரரிடம் பேசும்போது கூடத்தின் வாடகையை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பொருத்தும் நாள், பிரிக்கும் நாள் இரண்டுக்கும் தனிக்கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலான மண்டபங்களில் உண்டு, நிகழ்ச்சி நாளைவிடக் குறைவாக இருக்கும், அந்த நாட்களில் குளிரூட்டி ஓடாது. ஓட வேண்டுமென்றால் மணிக்கணக்கில் காசு. மின்செருகி ஒவ்வொன்றுக்கும் காசு. குறித்த நேரத்துக்குமேல் ஒரு மணி நேரம் தாமதித்தால் அதற்கும் காசு. அமைச்சருக்காகக் காத்திருக்கும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். குத்துவிளக்கு ஏற்ற முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், புகை உணர் கருவி கூரையில் இருக்கிறது. வாசலில் வாழைமரம் கட்டுவதென்றால் மண் தொட்டி கம்பளத்தில் கசியாமல் இருக்கத் தகடு கேட்பார்கள். நடைவழிகளை அடைத்து அரங்கு போட்டால் பொம்பா எனும் தீயணைப்புத் துறை அதிகாரி வந்து பிரிக்கச் சொல்வார். அவர் சொல்வது சரி, வாதாடாதீர்கள். ஓர் அரங்கை நிறுத்த ஆகும் செலவு, நீங்கள் விற்கிற ஒரு விருந்து மேசையின் விலைக்குள்தான் இருக்கும். ஒரு டத்தோ ஒரு மேசை வாங்கினால் ஒரு பள்ளிக்கு அரங்கு. இப்படிச் சொல்லி விற்றுப் பாருங்களேன்.

இடைச்செருகலாக ஒன்று: சாப்பாடு. இத்தகைய மண்டபங்களில் வெளிச் சமையல் நுழையாது. சைவத்துக்குத் தனிப் பாத்திரம் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது.

கடைசியாகக் கடலைப் பற்றி. இதைத்தான் நான் அதிகம் சொல்ல நினைத்தேன். மேசைகளைப் பற்றியே இவ்வளவு நேரம் போய்விட்டது.

அந்த மண்டபத்தின் கடல்பக்கத்தில் போய் நில்லுங்கள். எதிரே பட்டர்வொர்த், பிறை. வலப்பக்கம் பாலம், 1985-இல் திறந்தது, பதின்மூன்றரைக் கிலோமீட்டர். பாலத்துக்கும் தெற்கே காடடர்ந்து கிடக்கிற தீவு ஜெரஜாக். நாம் காரில் பாலத்தைக் கடக்கும்போது தினமும் பார்க்கிற, பார்த்தும் பார்க்காத தீவு. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலின் தளத்திலேயே படுத்து வந்த பயணிகளை ஊருக்குள் விடுமுன் அந்தத் தீவில்தான் இறக்கினார்கள். தொற்றுத்தடை முகாம். கப்பலில் யாருக்காவது அம்மையோ பேதியோ கண்டிருந்தால் நாள்கணக்கில் அங்கே கிடக்க வேண்டும். தொழுநோயாளிகளின் குடியிருப்பும் அங்கே இருந்தது; பிற்காலத்தில், 1969-இலிருந்து 1993 வரை, சிறைச்சாலை. என் தாத்தா அங்கே ஒன்பது நாள் இருந்தாராம். எதிரே பினாங்கின் விளக்குகள் தெரியும், போக முடியாது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அதை என்னிடம் ஒரே ஒரு முறை, பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், படகில் போகும்போது கையை நீட்டிச் சொன்னார்.

1926-இல் ஓடத் தொடங்கி 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று வந்துபோன ரஜுலா கப்பலின் பெயரை நம் பெரியவர்கள் உறவினர் பெயர்போல் சொல்வார்கள். தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றது. அதற்குப் பிறகும் ரஜுலா நிற்கவில்லை. கணவனைத் தேடி வந்த பெண்கள், கடைக்கு வந்த பையன்கள், ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் எல்லாரும் தீவுக்கும் அக்கரைக்கும் இடையிலுள்ள இந்தக் கடற்கால்வாய்க்குள்தான் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடிச் சுவருக்குத் திரை போட்டு இருட்டாக்கி, எல்.இ.டி. திரையில் கப்பல் படம் காட்டப் போகிறீர்களா? திரையை விலக்குங்கள். கடல்பக்கச் சுவரை ஒட்டி அரங்குகளை நிறுத்துங்கள். தகரப் பெட்டியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் அது வந்திறங்கிய தண்ணீர் தெரியட்டும்.

அந்தத் தண்ணீருக்கடியிலும் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பாலத்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே, கால்வாயில், மிடில் பேங்க் என்கிற மணல் திட்டு. கடற்புல் வளர்கிற இடம். பெரிய வற்றம் வரும்போது வெளியே தலைகாட்டும். கடல் அட்டை, சிப்பி, மீன்குஞ்சு எல்லாம் அதை நம்பி வாழ்கின்றன. கனடாவின் வான்கூவரில் 2009-இல் கடலோர மாநாட்டு மையத்தின் புதிய கட்டடத்தை எழுப்பியபோது, தண்ணீருக்குள் படிக்கட்டுபோலக் கான்கிரீட் தட்டுகளை இறக்கி, கடற்பாசியும் சிப்பியும் ஒட்டி வளர இடம் செய்து கொடுத்தார்கள். கட்டடம் கடலிடமிருந்து எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. நாம் அவ்வளவு செய்ய முடியாது, மண்டபம் நம்முடையதல்ல. ஓர் அரங்கைக் கடற்புல்லுக்கு ஒதுக்கலாம். மேடையில் நெய்தல் திணை பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம், சன்னலுக்கு வெளியே இருக்கிற நெய்தல் நிலத்தில் என்ன வளர்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

போக்குவரத்தையும் யோசியுங்கள். மண்டபம் விரைவுச்சாலையை ஒட்டியிருக்கிறது. கார் உள்ளவர்களுக்குக் கவலையில்லை. நிபோங் திபாலிலிருந்தும் கெப்பாலா பத்தாஸிலிருந்தும் வருகிற பாட்டிகள் எப்படி வருவார்கள்? பள்ளி பஸ்கள் சனி, ஞாயிறில் சும்மாதான் நிற்கின்றன. பேசி வையுங்கள். நுழைவுக்கு டிக்கெட் போடாதீர்கள், போட்டாலும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வேண்டாம். அடையாள அட்டை கழுத்தில் தொங்காதவரைக் காவலாளி தடுத்து நிறுத்துகிற காட்சியை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

நான் கேட்பது பெரிதாகத் தோன்றினால் சிறியதாகத் தொடங்குங்கள். பத்து அரங்கு. ஒரு நாள். மேடை இருக்கட்டும், நீங்கள் பொன்னாடை போர்த்திக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு யாராவது வந்து மேசையைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதல் அரங்கை நான் அமைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். முட்டியில் வலி இருப்பதால் ஏணி ஏற மருமகன் வருவான். கம்பம் நிறுத்த என் கையே போதும். கண்ணாடிப் பெட்டி ஒன்றும் செய்து வைத்திருக்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், பூட்டுடன், உள்ளே சிறிய விளக்கு. உள்ளே இப்போதைக்கு ஒரு பித்தளை வில்லை மட்டும் இருக்கிறது. எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. பிறைப் பக்கத்தில், தாத்தா தொங்கானில் வேலை செய்தார், பாட்டியை ஒருமுறை மோட்டார் சைக்கிளில் மாநாட்டுக்கு அழைத்துப் போனேன் என்று சொல்கிற ஒருவர் உங்கள் உறுப்பினர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், அந்த எண்ணை அவரிடம் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.

கூடத்தைப் பதிவு செய்தவுடன் சரக்கு வாசலின் உயரத்தையும் அகலத்தையும் வாங்கி அனுப்பினால் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
மண்டப வேலைக்காரன் ஒருவன்,
பட்டர்வொர்த்.